கண்ணாடி காட்டிய கோபகுமார்

 

தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது, சென்னையில் புகழ்பெற்ற ஒருவரையே நான் எடுத்துக்கொள்வேன் என எண்ணியிருப்பர். நான் பேசவிருப்பவரோ மலையாளத்தில் செய்தி சொன்னவர். பிறந்தது மட்டும் சுசீந்திரத்தில். டி. என். கோபகுமார் என்பது அவர் பெயர்.

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இப்பால் வாழும் நமக்கு அவர் பிறந்த ஊரும் காலமும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. 1956 நவம்பர் 1 வரை சுசீந்திரமும் நம் சித்தூர் வட்டமும் திருவிதாங்கூர்–கொச்சி என்னும் ஒரே இராச்சியத்தில் இருந்தன. அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. சுசீந்திரம் கன்னியாகுமரி மாவட்டத்தோடு சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தது. சித்தூர் கேரளத்தில் நின்றது. தமிழ் பேசும் நம் குடும்பங்கள் இங்கே. மலையாளம் பேசும் அவர் குடும்பம் அங்கே. மறு ஆண்டு அவர் பிறந்தார். கோடு கிழித்தவர்கள் வீடு வீடாக வந்து கேட்டுவிட்டா கிழித்தார்கள்!

முதலில் மாத்ருபூமி முதலிய ஏடுகளில் எழுதினார்; பிபிசிக்கும் பணி செய்தார். பின்னரே ஏசியாநெட் தொலைக்காட்சி. அக்காலத்தில் தனியார் தொலைக்காட்சி நம் மண்ணிலிருந்து நேரே வானுக்கு அலை அனுப்ப இசைவில்லை. ஆகவே 1995 செப்டம்பர் 30 அன்று அந்நிறுவனத்தின் முதல் நேரலைச் செய்தி பிலிப்பைன்ஸ் நாட்டுச் சூபிக் விரிகுடாவிலிருந்து ஒளிபரப்பாயிற்று. கேரளத்துச் செய்தி கடல் கடந்து சென்று கேரளத்துக்கே திரும்பிய விந்தை அது.

பிற்காலத்தில் அவர் அதன் தலைமைச் செய்தி ஆசிரியராகவும் விளங்கினார். ஆயினும் மக்கள் நெஞ்சில் அவரை நிறுத்தியது பதவியன்று. வாரந்தோறும் அவர் வழங்கிய ‘கண்ணாடி’ என்னும் நிகழ்ச்சியே. அன்றாடச் செய்தியில் அமைச்சர் வருவார், வழக்கு வரும், விபத்து வரும். மருந்துக்கு வழியற்ற நோயாளியும், கைவிடப்பட்ட முதியவரும் எப்போது வருவர்? ‘கண்ணாடி’யில் வந்தனர். கண்டவர்கள் பொருளுதவி அனுப்பினர்.

இது செய்தியா, தருமமா என்று கேட்போர் உண்டு. துன்புறுவோர் முகத்தை ஊரறியக் காட்டலாமா என்னும் ஐயம் எனக்கும் உண்டு. இன்றும் அது முழுதும் தீரவில்லை. எனினும் ஒன்று சொல்வேன். மலையாள எழுத்தில் ஒன்றேனும் அறியாத என் அன்னையார், அந்நிகழ்ச்சி முடியும்வரை அடுப்படிக்குத் திரும்பமாட்டார். “நம்ம கதையத்தான் அவரு அவங்க பாஷையில சொல்றாரு” என்பார். அவ்வளவு நிதானமாக, ஆரவாரமின்றிப் பேசுவார் கோபகுமார். இன்று சில நிலையங்களில் நால்வர் ஒருசேரக் கூவக் கேட்கும்போது அந்தக் குரலை நினைத்துக்கொள்கிறேன்.

அவர் எழுத்தாளருமாவார். ‘வோல்கா தரங்கங்கள்’ என்னும் பயண நூல் கேரள சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது. பிறந்த மண்ணைக் குறித்து ‘சுசீந்திரம் ரேககள்’ எழுதினார். 2016 சனவரி 30 அன்று, ஐம்பத்தெட்டாம் வயதில், திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

இங்குள்ள இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக வளர்ந்ததை ஒரு குறையாக எண்ணி என்னிடம் வருந்தியவர்கள் உங்களில் சிலர். அடுத்த மாதக் கூட்டத்திற்கு அந்தச் சுசீந்திர நூலை நான் கொண்டுவருகிறேன். உங்களில் ஒருவர் அதை மலையாளத்தில் வாசியுங்கள். மற்றொருவர் அவ்வப்போது நிறுத்தி, முன்வரிசையில் இருக்கும் பாட்டிமார்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். முதல் அத்தியாயத்திற்கு யார் வருகிறீர்கள்?