வரிசையில் நின்ற வயது



இன்ஜினீயர் பேசுகிறான் என்றால் கம்ப்யூட்டர், வேலைவாய்ப்பு என்று ஏதாவது வரும் என எதிர்பார்ப்பீர்கள். நான் பேச வந்தது ரேஷன் கடையைப் பற்றி!

மாதம் ஒரு தடவை அம்மாவுக்காக ரேஷன் கடைக்குப் போகிறேன். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றாலே எனக்குப் பதினாறு வயது திரும்பிவிடுகிறது. 2006ல் அரிசி கிலோ 2 ரூபாய் ஆனது. "சரக்கு வந்திருக்காம், ஓடுடா" என்பார் அம்மா. அவர் வந்து நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் நான் நிற்பேன். ஒரு கையில் மண்ணெண்ணெய் கேன், மறு கையில் பிளஸ் டூ கணக்குப் புத்தகம். டியூஷன் போகிற பிள்ளைகள் சைக்கிளில் வந்தால் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

அடுத்த ஆண்டு, 2007ல், நுழைவுத் தேர்வு இல்லாமல் பொறியியல் சேர்க்கை நடந்தது. கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத என்னைப் போன்றவர்களுக்குப் பிளஸ் டூ மார்க்கே போதும் என்று ஆயிற்று. அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங். அன்றைக்குத்தான் அம்மா கூலியை விட்டுவிட்டு என்னோடு வந்து வரிசையில் நின்றார். அப்படித்தான் இந்தக் கல்லூரிக்குள் வந்தேன்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். படிக்கிற பிள்ளையின் நேரம் வரிசையில் கரைவது நல்லதல்ல. இப்போது கார்டு ஸ்மார்ட் கார்டு. 2020ல் விரல் ரேகையும் வந்துவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் சென்ற மாதம் எனக்கு முன்னால் நின்ற பாட்டிக்கு ரேகை விழவில்லை. பாத்திரம் தேய்த்தே தேய்ந்துபோன விரல். நாலு தடவை வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. "பாருப்பா, நான் நானில்லையாம்!" என்று சிரித்தார். பிறகு கண்ணைக் காட்டச் சொல்லி, ஒருவழியாக அரிசி போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பி தங்கைகளே, நாளைக்கு இந்த மாதிரி மெஷின்களைச் செய்யப்போவது நீங்கள்தான். லேபில் நூறு பேர் விரலுக்கு வேலை செய்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். யாருடைய விரலுக்கு வேலை செய்யவில்லை என்று தேடுங்கள். அதற்கான விடை லேபில் கிடைக்காது; வரிசையில்தான் கிடைக்கும். வீட்டில் கடைக்குப் போகச் சொன்னால் அலுத்துக்கொள்ளாமல் போய் வாருங்கள்.