கர்ட் ஃபிளட் எழுதிய கடிதம்

 

கர்ட் ஃபிளட் என்ற அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மட்டையாளருக்கு வெகு தொலைவில், மைதானத்தின் நடுவில் நின்று, உயர வரும் பந்தை ஓடிப் பிடிப்பது அவர் வேலை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆடினார். தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதை 1963 முதல் 1969 வரை ஓராண்டு விடாமல் வாங்கினார்.

அவர் இளைஞராகத் தென் மாநிலச் சிறு லீக்கில் ஆடியபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் முடிந்ததும் வேர்வையில் நனைந்த உடுப்பைக் கழற்றி, எல்லாருடையதும் கிடந்த குவியலில் போட்டார். உடுப்பறை ஊழியர் பதறி வந்தார். முனையில் ஆணி வைத்த நீளக் குச்சியால் இவர் உடுப்பை மட்டும் குத்தி எடுத்துத் தனியே போட்டார். கறுப்பரின் துணி கறுப்பரின் சலவைக்கடைக்குத்தான் போக வேண்டுமாம்! அது திரும்பி வரும்வரை அந்தப் பிள்ளை உடம்பில் துணியில்லாமல் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஆணிக்குச்சியை மறக்காமல் 1969-க்கு வாருங்கள். அக்டோபரில் ஒரு விடிகாலை. தொலைபேசி அடிக்கிறது. உங்களை பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டோம் என்று அணி அலுவலகத்திலிருந்து ஒருவர் சொல்கிறார். அவ்வளவுதான். கேட்கவில்லை, கலக்கவில்லை. அன்றைய விதி அப்படி. ஒப்பந்தம் முடிந்தாலும் முதலாளி தானாகவே ஓராண்டு நீட்டிக்கலாம். அது முடிந்தால் மறுபடியும் நீட்டிக்கலாம். ஆட்டக்காரன் வேறு அணியைத் தேட வழியே இல்லை. ஏகபோகத் தடைச் சட்டம் இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது என்று 1922-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவைத்திருந்தது.

ஃபிளட்டின் சம்பளம் ஆண்டுக்கு 90,000 டாலர். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவர் ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லரிடம் போனார். ஜெயிக்க மாட்டீர்கள், ஜெயித்தாலும் உங்களுக்குப் பலன் கிடைக்காது என்று மில்லர் ஒளிக்காமல் சொன்னார். பின்னால் வருகிறவர்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டார் ஃபிளட். கிடைக்கும் என்றார் மில்லர். அது போதும் என்று எழுந்தார் ஃபிளட்!

1969 டிசம்பர் 24. பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் போகிறது. இத்தனை ஆண்டு ஆடிய நான், என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கிற சொத்து இல்லை என்று எழுதினார். பிறகு வழக்கு. 1970 முழுக்க அவர் ஆடவில்லை. 1972-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்று அவரைத் தோற்கடித்தது.

தோழர்களே, அந்தத் தீர்ப்பைவிட என் நெஞ்சை அறுப்பது வேறொன்று. நியூயார்க்கில் விசாரணை நடந்தபோது ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். அவரைப் போலவே ஓய்வுபெற்ற ஹாங்க் கிரீன்பெர்க்கும் சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட அந்த நீதிமன்றப் படியேறவில்லை. அவர் போராடியதே அவர்களுக்காக! பயந்தார்கள். அந்தப் பயம் என்னவென்று தொழிற்சங்கம் வைத்த நமக்குத் தெரியும்.

1971-ல் வாஷிங்டன் அணிக்குத் திரும்பி வந்து 13 ஆட்டம் ஆடினார். உடம்பும் மனமும் ஒத்துழைக்கவில்லை. ஸ்பெயினுக்குப் போய்விட்டார். குடி பிடித்துக்கொண்டது. 1975 டிசம்பர் 23 அன்று, அந்தக் கடிதத்துக்கு ஆறாண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில், இரண்டு பந்துவீச்சாளர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அந்த நீட்டிப்பு விதி என்ற விலங்கை உடைத்தார். அதன் பிறகு ஆட்டக்காரர்களின் சம்பளம் கோடிகளில் ஏறியது. ஃபிளட் 1997-ல், 59 வயதில், தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். மறு ஆண்டு அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது.

கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ்மண்டபம் இருக்கிறது. அவர் எதிர்த்து வழக்காடிய போவி கூனுக்கு அங்கே இடம் உண்டு. மார்வின் மில்லருக்கும் உண்டு. 1969-ல் ஃபிளட்டைக் கொடுத்து வாங்கிய டிக் ஆலனுக்கும் 2025-ல் பலகை வைத்தார்கள். கர்ட் ஃபிளட்டுக்கு இன்னும் வைக்கவில்லை.