கேட்பவர் யார்? விடை தருபவர் யார்?

(கிளிநொச்சியில் வாசகர் அவையொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தொலைக்காட்சிப் பேட்டிகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். உலக நடப்பு, அரசியல், பண்பாடு ஆகியவற்றைக் குறித்து அறிஞரும் அமைச்சரும் அமர்ந்து உரையாடும் அந்த நிகழ்ச்சிகளுக்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் இருக்கலாம். பேர் பெற்ற நிலையங்கள் கொழும்பிலும் இலண்டனிலும் தோகாவிலும் இருக்கின்றன. நமக்கோ ஒரு கூடமும் இல்லை. உண்மைதான். ஆயினும் இலங்கைத் தீவில் உலகத்தின் படக்கருவிகள் இத்துணை முறை திரும்பிப் பார்த்த நிலம் வேறொன்று உண்டா? நம்மைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகள் ஏராளம். அவற்றுள் நம்மிடம் கேட்கப்பட்டவை எத்தனை? நான் பேச வந்தது அதனைப் பற்றித்தான்.

இந்நாட்டில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியாகப் பிறந்தது. 1982 பெப்ரவரியில் யப்பானிய உதவியுடன் ரூபவாகினி எழுந்தது. சில ஆண்டுகளில் வன்னியில் மின்சாரம் இல்லாது போயிற்று. மண்ணெண்ணெய்க்குத் தடை, பற்றரிக்குத் தடை. அந்நாளில் நம் மக்கள் என்ன செய்தனர்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்டனர். இலண்டனிலிருந்து தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். ஒருவர் சுழற்ற, பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பர். செய்தி முடிந்து பேட்டி தொடங்கினால், சுழற்றுபவர் கை மாறுமேயன்றிச் சக்கரம் நிற்காது. உலக நடப்பில் நாட்டமில்லாத மக்கள் என்று இவர்களைச் சொல்பவன் இவர்களை அறியாதவன்.

பேட்டி என்பது என்ன? ஒருவர் வினவுகிறார், மற்றொருவர் விடை கூறுகிறார். பார்ப்பதற்கு எளிய செயல். ஆனால் வினவுபவர் எதனையும் வினவலாமா, விடை கூறியவர் விளக்கு அணைந்தபின் அச்சமின்றி வீடு திரும்பலாமா என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேட்டிகள் தேறும்?

2002 ஏப்ரல் 10 ஆம் நாளை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி இரு மாதமும் நிறையவில்லை. பூட்டிக் கிடந்த ஏ-9 வீதி திறந்திருந்தது. உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கான செய்தியாளர்கள் இதே கிளிநொச்சிக்கு வந்து குவிந்தனர். விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் தமிழில் விடையளித்தார்; அருகிலிருந்த அன்ரன் பாலசிங்கம் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். 1991 இல் நடந்த ராஜீவ் காந்தி கொலையைப் பற்றிக் கேட்டார்கள். அது ஒரு துன்பியல் சம்பவம் என்ற அளவோடு மறுமொழி நின்றது. அதற்கு மேல் விரித்துரைக்க முன்வரவில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களைப் பற்றியும் கேட்டார்கள். அந்தக் கேள்வியை வெளியார் வந்து கேட்கும் வரை நாம் காத்திருந்தோம் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. முல்லைத்தீவு முஸ்லிம்கள் நம் அயலவர். அவர்கள் எங்கே என்று முதலிற் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம் அல்லவா?

பின்னர் கிளிநொச்சியிலிருந்தே தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி எழுந்தது. 2005 இல் செய்மதி வழியே கடல் கடந்த தமிழர் இல்லங்களையும் எட்டியது. நம் ஊர்ப்பெயர்களை நம் ஒலிப்பிலேயே கேட்ட மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில் உலக அரசியலும் பேசப்பட்டது, கூத்தும் இசையும் பேசப்பட்டன. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆயுதம் தாங்கிய அதிகாரம் ஒன்று நடத்திய நிலையத்தில், அந்த அதிகாரத்தை நோக்கிய கடுங்கேள்வி எழ வழியில்லை. பிள்ளையைப் படைக்குக் கொடுக்க மறுத்த தாய் அந்தக் கூடத்தில் அமர்ந்து வினவ முடியாது. கேட்பவரும் விடை தருபவரும் மேசைக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் அதனைப் பேட்டி என்பதா? கொழும்பில் அரச தொலைக்காட்சியின் நிலையும் இதுவே. ஆட்சி மாறும்போது அங்கே நாற்காலியில் இருப்பவர் மாறுவார், கேள்வி மாறாது.

அதற்காக நிலையத்தில் பணியாற்றியவர்கள் மீது குண்டு வீசலாமா? 2007 நவம்பர் 27 ஆம் நாள் கிளிநொச்சியில் புலிகளின் குரல் வானொலி நிலையம் விமானத் தாக்குதலுக்கு இலக்காகிப் பணியாளர்கள் கொல்லப்பட்டனர். யுனெஸ்கோ அதனைக் கண்டித்தது. தொலைக்காட்சியில் தோன்றிய இசைப்பிரியா போரில் மாண்டார் என்று அரசு சொல்லிற்று; அவர் படையினரிடம் உயிருடன் அகப்பட்டிருந்த காட்சியைச் சனல் 4 நிறுவனம் 2013 இல் வெளியிட்டது.

இனி 2009. இவ்வாண்டைப் பற்றிச் சற்று நிறுத்தி நிதானமாகப் பேசுவதற்கு இசைவு தாருங்கள்.

ஐக்கிய நாடுகள் அமைப்பின் அலுவலர்களும் தொண்டு நிறுவனத்தினரும் 2008 செப்டெம்பரில் வன்னியை விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டனர். வெளிநாட்டுச் செய்தியாளர்க்கு நுழைவு இல்லை. எஞ்சியிருந்தது செய்மதித் தொலைபேசி. மறுமுனையில் பேசியவர்கள் யார்? அரசாங்கத்தின் சம்பளம் பெற்ற அரசாங்க மருத்துவர்கள். புதுக்குடியிருப்பிலும் பின்னர் மாத்தளன், முள்ளிவாய்க்கால் மணலிலும் காயங்களைத் தைத்த கையோடு தொலைபேசியை எடுத்து, இத்தனை பேர் வந்தனர், இத்தனை பேர் இறந்தனர், மருந்து இல்லை, குருதி இல்லை என்று உலக நிலையங்களுக்குச் சொன்னார்கள். படமில்லாத பேட்டிகள் அவை. திரையில் ஒரு வரைபடமும் ஒரு சிறிய முகப்படமும். பின்னணியில் எறிகணை ஓசை.

அதே பெப்ரவரித் தொடக்கத்தில், புதுக்குடியிருப்பு மருத்துவமனை தாக்கப்பட்டதைச் செஞ்சிலுவைச் சங்கமே வெளியிட்டிருந்த வேளையில், பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ச ஸ்கை நிறுவனத்துக்குப் பேட்டி கொடுத்தார். பாதுகாப்பு வலயம் என்று தாங்கள் வகுத்த எல்லைக்கு வெளியே மருத்துவமனை உட்பட எதுவும் இயங்கக் கூடாது என்ற பொருள்பட விடை சொன்னார். ஒரு பேட்டி ஓலைக் கொட்டிலில். மற்றொரு பேட்டி கொழும்பு அலுவலகத்தில். இரண்டும் ஒரே மருத்துவமனையைப் பற்றியவை!

போர் முடிந்தது. மருத்துவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். 2009 யூலை 8 ஆம் நாள் அவர்கள் ஐவர் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டனர். தாம் முன்னர் சொன்ன தொகைகள் புலிகளின் வற்புறுத்தலால் மிகைப்படுத்தப்பட்டவை என்றும், இறந்தோர் 750 பேருக்கு மேற்படார் என்றும் சொன்னார்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 இல் தந்த அறிக்கையோ, குடிமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக் கூடும் என்றது. அம்மருத்துவர்களுள் ஒருவரான வரதராஜா நாட்டை விட்டு வெளியேறிய பின்னர், அன்று பேசியது அச்சுறுத்தலின் கீழ் என்று வெளிப்படுத்தினார்.

தோழர்களே, எறிகணையின் நடுவே கொடுத்த பேட்டியை நம்புவதா, குளிரூட்டிய மண்டபத்தில் காவலுக்கிடையே கொடுத்த பேட்டியை நம்புவதா? ஒருவரை நாற்காலியில் இருத்திவிட்டாற் போதாது. எழுந்து எங்கே போவார் என்பதைப் பார்க்க வேண்டும். அன்று மண்டபத்திலிருந்து அவர்கள் மீண்டும் தடுப்புக் காவலுக்கே சென்றார்கள்.

2013 நவம்பரில் பொதுநலவாய மாநாடு கொழும்பில் நடந்தபோது, சனல் 4 குழுவினர் நேரே வந்து பார்ப்போம் என்று கிளிநொச்சிக்குப் புகைவண்டி ஏறினர். அநுராதபுரத்தில் ஆர்ப்பாட்டக்காரர் தண்டவாளத்தை மறித்தனர், வண்டி நின்றது, செய்தியாளர் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கிளிநொச்சிக்குப் புகைவண்டி மீண்டும் ஓடத் தொடங்கி இரண்டே மாதம். வண்டி வந்தது, கேள்வி வரவில்லை.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றுக்கு வருகிறேன். 2025 மார்ச்சில் அல்ஜசீராவில் மெஹ்தி ஹசன், முன்னாள் சனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவை வினவிய நிகழ்ச்சியை உங்களில் பலர் கைத்தொலைபேசியிற் பார்த்திருப்பீர்கள். இலண்டனில், மக்கள் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. மருத்துவமனைகள் மீது குண்டு விழுந்ததைப் பற்றிய கேள்வியும் வந்தது. திட்டமிட்டு நடந்ததல்ல என்று தடுமாறினாரேயன்றி நடக்கவேயில்லை என்று அவராற் சொல்ல இயலவில்லை. பட்டலந்த வதைமுகாம் விசாரணை அறிக்கையைப் பற்றி வினவியபோது எந்த அறிக்கை என்பது போல் நின்றார். நிகழ்ந்தது என்ன? ஒளிபரப்பாகி ஒரு கிழமை சென்றதும், மார்ச் 14 இல், அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. 1995 இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழு அது! கால் நூற்றாண்டாகத் தூசி படிந்து கிடந்த ஏட்டை இலண்டனில் எழுந்த ஒரு கேள்வி எழுப்பிவிட்டது.

கேள்விக்கு இவ்வளவு ஆற்றலா என்று வியந்தோர் பலர். நான் வேறொன்றைப் பார்த்தேன். பட்டலந்தையில் வதைக்கப்பட்டவர்கள் சிங்கள இளைஞர்கள், இன்று ஆளும் கட்சியின் பழந்தோழர்கள். ஆகவே ஏடு எழுந்தது. எழ வேண்டியதே, அதில் எனக்கு மகிழ்ச்சியே. அதே மேடையில், அதே மணி நேரத்தில் கேட்கப்பட்ட மருத்துவமனைக் கேள்வியால் கொழும்பில் எந்த ஏடும் எழவில்லை. கேள்வி கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதனைக் கையேற்கும் ஆள் நாட்டினுள் இருக்க வேண்டும்.

அந்த ஆட்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றனர்? கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் அருகில் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் அமர்ந்தனர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அமர்ந்தனர். விடை பெறாமலே கண்மூடிய தாய் தந்தையர் நூற்றுக்கு மேற்பட்டோர். இத்தாய்மார் அளித்த பேட்டிகளுக்கு ஒரு கணக்கில்லை. ஆனால் கேள்வியைப் பாருங்கள்: "அம்மா, மகனை நினைக்கையில் உங்களுக்கு எப்படி இருக்கிறது?" படக்கருவி முகத்தருகே வந்து கண்ணீர் விழும் வரை காத்திருக்கிறது. விழுந்ததும் விளக்கு அணைகிறது. பிறகு கொழும்பில் ஒரு வல்லுநர் மேசை முன் அமர்ந்து, ஜெனீவாத் தீர்மானத்தின் பொருளை விளக்குகிறார். அந்தத் தாய்க்கு அது தெரியாதா? 2015 இல் நிறைவேறிய 30/1 தீர்மானத்துக்கு இலங்கை இணை அனுசரணை வழங்கியதும், 2020 பெப்ரவரியில் அதிலிருந்து விலகியதும், அதன்பின் கால நீடிப்பு எத்தனை என்பதும் அக்கொட்டிலில் இருப்போருக்கு விரல் நுனியில் இருக்கின்றன. நமக்குக் கண்ணீர், அவர்களுக்குக் கருத்து! இந்தப் பங்கீட்டை யார் வகுத்தது?

உலக நடப்பு என்றால் வன்னியில் யாரைக் கேட்பது என்கிறார்கள். இரணைமடுவின் கீழ் வயல் செய்பவரைக் கேளுங்கள். 2021 இல் ஒரே இரவில் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியபோது காலபோகப் பயிர் மஞ்சளித்துப் போயிருந்தது. மறு பெப்ரவரியில் உக்ரேனில் போர் வெடித்தது. யூரியாவின் விலை எங்கே போயிற்று என்பதை அவர் மூட்டைக் கணக்கிற் சொல்வார். முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் தள்ளுபவரைக் கேளுங்கள். இழுவைமடி வலையைத் தடைசெய்யும் சட்டம் 2017 இல் நிறைவேறிய பின்னும் இந்திய இழுவைப் படகுகள் ஏன் வருகின்றன, தமிழ்நாட்டுத் தமிழரோடு நமக்குள்ள உறவை அந்த வலை எவ்வாறு அறுக்கிறது என்று அவர் சொல்லும் விடை தூதுவர்கள் சொல்வதை விடத் தெளிவாயிருக்கும். காசாவில் மருத்துவமனைகள் தாக்கப்பட்டபோது திரையில் சட்ட அறிஞர் பலர் தோன்றினர். புதுக்குடியிருப்பு மருத்துவமனையில் காயத்தோடு கிடந்து பிழைத்த ஒருவரையும் அழைக்க வேண்டுமென்று எத்தனை நிலையத்தாருக்குத் தோன்றிற்று?

பண்பாட்டுப் பேட்டியும் இவ்வாறே. வற்றாப்பளைக் கண்ணகியம்மன் வைகாசிப் பொங்கல் வந்தால் கடல்நீரில் விளக்கெரியும் காட்சியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கோவலன் கூத்தின் முல்லை மோடி ஏனைய மரபுகளிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது என்று ஓர் அண்ணாவியாரை இருத்திவைத்து அரை மணி நேரம் கேட்பார் அரிது.

ஆகையால் நான் ஒரு வேண்டுகோளுடன் வந்திருக்கிறேன். நிலையம் கட்டப் பணம் வேண்டாம். இந்த வாசகசாலையில் கைத்தொலைபேசி இல்லாத இளைஞர் யார்? மாதம் ஒரு பேட்டி எடுப்போம். கேள்வியை முன்கூட்டி எழுதி, இங்கே வாசித்து, மழுங்கலானவற்றை நீக்குவோம். விடை தருபவர் பதிவைத் தாமே கேட்டுப் பார்த்து, பெயரும் முகமும் வேண்டாம் என்றால் நீக்கும் உரிமை அவருக்கே. வெட்டி ஒட்டாமல் முழுமையாக வெளியிடுவோம். சிங்களத்திலும் எழுத்து ஓடவேண்டும், ஏனெனில் காலியிலும் குருநாகலிலும் உள்ள நெற்செய்கையாளருக்கும் அந்த உரக்கதை சொந்தக் கதை. நம் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் இதே நாற்காலியில் இருத்துவோம். தேர்தல் மேடையில் அவர்கள் பேச நாம் கேட்டது போதும்.

முதற் பேட்டி காலபோக அறுவடை முடிந்ததும், வயற்காரர் ஒருவரோடு. வாசகசாலைச் செயலாளரிடம் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். எழுந்து போகுமுன் ஆளுக்கொரு கேள்வி அதில் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.