ஆறரை மில்லிமீட்டரில் வேலூர் ரயில்

வேலூர்க் கோட்டையின் பரப்பு 133 ஏக்கர். நீளத்தையும் அகலத்தையும் 148-இல் ஒரு பங்காகக் குறைத்தால், 5 மீட்டருக்கு 5 மீட்டர் கூடம் ஒன்றில் கோட்டை முழுவதையும் வைத்துவிடலாம். கோட்டை வாசலில் நிற்கும் ஐந்தரை அடி ஆள் 11 மில்லிமீட்டர் உயரம் இருப்பார். பக்கத்தில் ஒரு ரயில் பெட்டியை நிறுத்தினால் அதன் நீளம் 15, 16 சென்டிமீட்டர்தான் இருக்கும்.

அது ஏன் 148? நூறு என்றோ நூற்றைம்பது என்றோ முழுசாக வைத்துக்கொள்ளக் கூடாதா? பிரிட்டிஷ் ரயில்களை மிகச் சிறிய அளவில் செய்கிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், பழைய குடும்பச் சண்டையைக் கிளறிவிட்டது போல ஒரு பெருமூச்சோடுதான் பதில் வரும்.

1957-இல் லோன் ஸ்டார் என்ற பிரிட்டிஷ் பொம்மை நிறுவனம் கையால் தள்ளி விளையாடும் உலோக ரயில்களை விற்கத் தொடங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கும் சைஸ். 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரிலிருந்த அர்னால்டு நிறுவனம் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் ரயிலைக் கொண்டுவந்தது. நிஜ ரயிலில் 160-இல் ஒரு பங்கு. அதற்கு என் கேஜ் என்று பெயர் நிலைத்தது. பிரிட்டனுக்கு அது வந்தபோதுதான் சிக்கல். பிரிட்டனின் பாலங்களும் குகைகளும் குறுகலானவை. அங்கே ஓடும் எஞ்சின்களும் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உடம்பில் சிறியவை. 160-இல் ஒரு பங்காக்கினால் அன்றைய மோட்டார் உள்ளே நுழையவில்லை. ஆகவே எஞ்சினின் உடம்பை மட்டும் கொஞ்சம் பெருக்கி 148-இல் ஒன்றாக்கினார்கள். தண்டவாளத்தை மாற்றவில்லை, அதே 9 மில்லிமீட்டர்தான். 1970-இல் டார்செட்டைச் சேர்ந்த கிரஹாம் ஃபாரிஷ் நிறுவனம் இந்தக் கணக்கில் எஞ்சின்களையும் பெட்டிகளையும் வெளியிட்டது. கடைக்குக் கடை அவை பரவ, கணக்கும் அப்படியே உறைந்துபோனது.

விளைவு என்ன? நிஜ பிரிட்டிஷ் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். 9-ஐ 148-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,332தான் வரும். நூறு மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. எதிரிலிருந்து பார்த்தால் அகலத் தோள்காரர் ஒருவர் கால்களை ஒட்டி வைத்து நிற்பது போலத் தெரியும்.

பெரும்பாலோர் இதைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொண்டவர்கள் தனிப் பந்தி போட்டுக்கொண்டார்கள். 1960-இல் உருவான 2 எம்எம் ஸ்கேல் அசோசியேஷனின் கணக்கில் ஓர் அடிக்கு 2 மில்லிமீட்டர், அதாவது 152.4-இல் ஒரு பங்கு. தண்டவாளம் 9.42 மில்லிமீட்டர். அந்த 0.42-க்காகக் கடைச் சரக்கை விட்டுவிட்டுச் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் வேறாகச் செய்துகொள்கிறார்கள். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கணக்கில் கட்டப்பட்ட ‘கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ்’ மாதிரியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1910-இல் தொடங்கிய லண்டனின் மாடல் ரயில்வே கிளப், 1980-களிலிருந்து பல பத்தாண்டுகளாக அதைக் கட்டி வருகிறது. கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வடக்கே உள்ள பகுதி, இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் இருந்தபடி. தூரத்தில் இருக்கும் கட்டடங்களை இன்னும் சிறிதாகச் செய்து கண்ணை ஏமாற்றுகிறார்கள்.

வேலூர், ஆம்பூர் என்று நம் தோல் வட்டாரத்துக்காரர்களுக்கு அதில் ஒரு செய்தி உண்டு. அந்த மாதிரியில் மணிக்கூண்டோடு நிற்பது 1855-இல் லண்டனுக்காகத் திறந்த பெரிய கால்நடைச் சந்தை. அதற்கு அடுத்த ஆண்டு இங்கே, 1856 ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை பொதுமக்களுக்குத் திறந்தது. பிறகு அது காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று நீண்டது. ஆவாரம் பட்டையில் பதனிட்டு, ஈ.ஐ. தோல் என்ற பெயரில் லண்டன் ஏலத்துக்குப் போன சரக்கு இந்த வட்டாரத்தின் சரக்கு. சென்னைத் துறைமுகம் போய்ச் சேர அதற்கு ரயில் இருந்தது.

சரி, ஆம்பூர் நிலையத்தையே இந்த அளவில் செய்ய முடியுமா? இங்கேதான் கணக்கு இடறுகிறது. நமது அகல ரயில் பாதை 1,676 மில்லிமீட்டர். 148-இல் ஒரு பங்கு என்றால் 11.3 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். கடையில் கிடைப்பதோ 9. ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஒற்றையடிப் பாதையில் போவது போல இருக்கும். தண்டவாளத்தைக் கையால் பூட்டிக்கொள்ளலாம், சக்கரங்களைப் பிரித்து அகலமாக்கலாம். அதற்கெல்லாம் பொறுமையும் காசும் ஏராளமாக வேண்டும்.

ஆனால் வேலூரில் இன்னொரு பாதை இருந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம், வேலூர் கன்டோன்மென்ட் வழியாகப் பாலாற்றைக் கடந்து காட்பாடிக்கு வந்த மீட்டர் கேஜ். 2010 வாக்கில் அகலப்பாதை ஆக்கப்பட்ட பிறகு அது இப்போது ஞாபகத்தில் மட்டும் ஓடுகிறது. அதன் அகலம் 1,000 மில்லிமீட்டர். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த இசட் கேஜ் தண்டவாளம் 6.5 மில்லிமீட்டர். அதை 152.4-ஆல் பெருக்கினால் 990 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. நூற்றுக்கு ஒன்றுதான் பிழை. பிரிட்டிஷ்காரர் தம் சொந்த ஊர் ரயிலைக் கடைத் தண்டவாளத்தில் வைத்தால் நூற்றுக்கு ஏழு பிழை. அவர் நாட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு வேலூர்க்காரர் தம் பழைய மீட்டர் கேஜைச் செய்தால் நூற்றுக்கு ஒன்று. யாரும் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு அல்ல இது.

இன்னும் கேளுங்கள். தெற்கு ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதைகளில் பயணிகள் ரயிலை இழுத்த நீராவி எஞ்சின் ஒய்பி. முன்னே நான்கு சிறிய சக்கரம், நடுவே ஆறு பெரிய சக்கரம், பின்னே இரண்டு. பெரிய சக்கரத்தின் விட்டம் நாலரை அடி. இரண்டு மில்லிமீட்டர் கணக்கில் அது சரியாக 9 மில்லிமீட்டர். ஜெர்மனியின் விரைவு எஞ்சின்களிலும் அதே சக்கர அமைப்பு உண்டு. அவற்றின் சக்கரம் 2 மீட்டர். மார்க்லினின் இசட் கேஜ் கணக்கான 220-இல் ஒரு பங்கில் அதுவும் 9 மில்லிமீட்டர்தான். அந்த மார்க்லின் எஞ்சினின் அடிச்சட்டத்தின் மேல் ஒய்பியின் கொதிகலனை ஏற்றலாம் என்ற ஆசை, இந்தப் பித்துப் பிடித்தவர்களுக்கு வராமல் இருக்காது.

ஏற்றுவது எப்படி? 0.25 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் படத்தை அச்சிட்டு, வேண்டாத இடத்தை ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் அரிக்கவிடுகிறார்கள். ஜன்னல், கைப்பிடி, ரிவெட் வரிசை எல்லாம் ஒரே தகட்டில் வந்துவிடும். மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழம் அரித்த கோடு இருக்கும். மடித்து, ஓரத்தை இடுக்கியால் பிடித்து, ஈயப் பற்று வைக்க வேண்டும். சூடு அதிகமானால் முன்பு பற்றவைத்த கைப்பிடி கழன்று விழும். தரையில் விழுந்த கைப்பிடியைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் குறைவு.

ஆம்பூர் ஷூ ஃபேக்டரிகளில் ஸ்கைவிங் மெஷினில் உட்காரும் பெண்களுக்கு இந்த உலகம் அந்நியமாக இருக்காது. அப்பர் தோலின் ஓரத்தை மடித்துத் தைக்கும் அளவுக்குச் சீவி மெலிதாக்குகிறார்கள். சற்றுக் கூடினால் தையலில் மேடு தட்டும், குறைந்தால் தோல் கிழியும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை விரலாலேயே அறிகிறவர்கள் அவர்கள். சிற்றளவு மாதிரி ரயில் செய்யும் கை பிரிட்டனில்தான் பிறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வட்டாரத்துக்கே உரிய தொல்லைகளும் உண்டு. இந்த அளவுத் தண்டவாளங்கள் பெரும்பாலும் நிக்கல் சில்வரில் வருபவை. பெயரில்தான் வெள்ளி, உள்ளே பாதிக்கு மேல் செம்பு. டேனரியில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அதிலிருந்து எழும் வாயு செம்பைக் கறுக்கச் செய்யும். கறுத்த தண்டவாளத்தில் மின்சாரம் விட்டுவிட்டு ஏறும், ரயில் திக்கித் திக்கி நிற்கும். வேலூர் வெயில் வேறு: 5 மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி வெப்பம் கூடினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஆறரை மில்லிமீட்டர் பாதையில் அது சின்ன விஷயமல்ல. இணைப்புகளில் இடைவெளி விடாவிட்டால் பாதை நெளிந்துவிடும்.

இதைவிடச் சிறியதும் இருக்கிறது. ஜப்பானில் பிறந்த டி கேஜ் 3 மில்லிமீட்டர் தண்டவாளம், 450-இல் ஒரு பங்கு. சக்கரம் பிடிப்புக் கிடைக்காமல் வழுக்கும் என்பதால் காந்தச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். வேலூர்க் கோட்டையை அந்த அளவில் ஒரு கட்டிலின் மேலேயே பரப்பிவிடலாம். ஆனால் அதில் செய்வதற்கு வேலை அதிகம் இல்லை, வாங்கி ஓட்டிப் பார்க்கத்தான் சரி.

இந்தியாவில் இத்தகைய உலகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் புனேக்குப் போகலாம். 1998-இல் திறந்த ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அளவு கொஞ்சம் பெரியது, 87-இல் ஒரு பங்கு. பக்கத்திலேயே வேண்டுமென்றால் சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகம். நிஜ எஞ்சினை அருகில் நின்று பார்க்காமல் மாதிரி செய்ய உட்காருவது வீண் வேலை.

பிரிட்டிஷ்காரருக்குத் தம் கிராமத்து நிலையத்தைச் செய்யத் தேவையானது எல்லாம் கைக்கெட்டுகிறது: எஞ்சின் வரைபடம், நிலையத்தின் அளவுகள், தேதி போட்ட படங்கள். பலருடைய பொழுதுபோக்கே இவற்றைச் சேர்ப்பதுதான். நமது விழுப்புரம்–காட்பாடி மீட்டர் கேஜுக்கு அப்படி ஒரு தொகுப்பு தேவை. தண்டவாளத்தின் கணக்கு சரியாக வந்துவிட்டது. சுவரின் உயரமும் கூரையின் சாய்வும் தெரியாவிட்டால் நிலையம் கற்பனையாகிவிடும்.

நேயர்களே, உங்கள் வீட்டில் வேலூர் கன்டோன்மென்ட், கண்ணமங்கலம், ஆரணி ரோடு நிலையங்களில் எடுத்த பழைய படங்கள் இருக்கலாம். கல்யாண வீட்டுக்குப் போகும்போது ரயிலடியில் நின்று எடுத்த படமாயிருந்தாலும் பரவாயில்லை. பின்னால் தெரியும் சுவரின் செங்கல் வரிசைகளை எண்ணினாலே அதன் உயரம் கிடைத்துவிடும். அவற்றை ஸ்கேன் செய்து, நிலையத்தின் பெயரையும் எடுத்த ஆண்டையும் குறித்து வையுங்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் வீட்டில் இருந்தால், பிளாட்பாரம் எத்தனை பெட்டி கொள்ளும், தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டு இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.