மலாக்காவில் வரைந்த படங்கள்



பாரிட் புந்தார் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு உடும்பும் மங்குஸ்தீனும் புதியவை அல்ல. இத்தகைய நம் நாட்டு உயிர்களையும் செடிகொடிகளையும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள்.

1803 முதல் 1818 வரை மலாக்காவை நிர்வகித்தவர் வில்லியம் ஃபார்குவார். அவர் சீன ஓவியர்களை அமர்த்தி நீர்வண்ணத்தில் வரையச் செய்த படங்கள் 477. பலவற்றில் ஜாவி எழுத்தில் மலாய்ப் பெயரும் உண்டு. அந்தப் பெயர்கள் இம்மண்ணின் மக்கள் வாயிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்!

அவற்றுள் ஒன்று, மலாய்க்காரர் ‘தெனுக்’ என்னும் தாப்பிர். உடல் கறுப்பு, நடுமுதுகில் மட்டும் வெள்ளைத் துணி போர்த்தியது போலிருக்கும். அதைப்பற்றி ஃபார்குவார் 1816இல் கல்கத்தாவுக்கு எழுதி அனுப்பினார். அது அச்சேறுவதற்குள், 1819இல் டெமாரே என்ற பிரெஞ்சு அறிஞர் முந்திக்கொண்டு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார்.

லண்டனில் நெடுங்காலம் கிடந்த இப்படங்களை 1993இல் சிங்கப்பூர்ச் செல்வர் ஒருவர் ஏலத்தில் எடுத்து, அரும்பொருளகத்துக்கு நன்கொடையாக அளித்தார். இன்று அவை சிங்கப்பூரில் உள்ளன.

சேர்த்தவர் பெயர் நிலைத்தது. இறகு இறகாக வரைந்த ஓவியர் பெயரை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. நமக்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

பிள்ளைகளே, இந்த வாரம் வீட்டருகே உள்ள ஒரு செடியை வரையுங்கள். தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அடியில் உங்கள் பெயரையும் எழுதுங்கள், பாட்டியின் பெயரையும்.