தேதி தள்ளினால் கலங்க வேண்டாம்



கோல சிலாங்கூர் தோட்டங்களில் மாதவிலக்கு நாலு நாள் தள்ளினால் பெண்ணைச் சந்தேகிக்கிறோம். முந்தினால் நோயென்று பயப்படுகிறோம். இரண்டும் வேண்டாம்.

அவசரக் கருத்தடைக்காக 72 மணி நேரத்துக்குள் விழுங்கும் 1.5 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரெல் மாத்திரை, கருமுட்டை வெளிவருவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் அடுத்த மாதவிலக்கு சில நாள் முந்தலாம், பிந்தலாம். இடையில் சிறிது உதிரமும் படலாம். உண்டான கருவை அது கலைக்காது.

ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ச் சோதனை அவசியம். அடிவயிற்றில் கடும் வலி கண்டால் பால்மரம் காத்திருக்கட்டும்; தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

இது மாதாமாதம் உண்ணும் மருந்தன்று. தொடர்ந்து தடுக்க, அரசாங்க கிளினிக்கில் தக்க முறையைக் கேட்போம்.

கணவன்மார்களே! இது பெண்ணின் கவலை மட்டுமன்று. வெட்கம் விட்டு உடன் செல்வோம்!