நிழலுக்கு வந்த கோபம்

(கன்னிவாடிக் கூட்டத்தில் பேசியது)



ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், இதென்ன பள்ளிக்கூடப் பாடமா என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

'அம்ப்ரிஜ்' என்பது அந்த வார்த்தை. தனக்குச் சேர வேண்டிய மரியாதை குறைந்து போய்விட்டதென்று ஒருவன் முகத்தைச் சுளித்துக் கொண்டால், அவன் 'அம்ப்ரிஜ் எடுத்துக் கொண்டான்' என்பார்கள். கவனியுங்கள்! பெரும்பாலும், அவனாக எடுத்துக் கொண்டதாகத்தான் சொல்லுவது வழக்கம். காரணம் அற்பம் என்கிற கேலியும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். கலியாண வீட்டில் முதல் தாம்பூலம் தனக்கு வரவில்லையென்று பந்தியை விட்டு எழுந்து போகிறாரே சம்பந்தி, அவர் செய்வது அதுதான்.

இதற்கு மூலம் லத்தீன் பாஷையில் 'உம்ப்ரா'. நிழல் என்று அர்த்தம். முதலில் மரநிழலைக் குறித்து, பிறகு மனதில் விழும் சந்தேக நிழலைக் குறித்து, அப்புறந்தான் மனத்தாங்கலுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரனுக்கு இது வெறும் உவமை. நம் நாட்டிலோ வாஸ்தவமாகவே நிழலுக்குக் கோபித்துக் கொண்டார்கள்! பேஷ்வாக்கள் ஆட்சியில், எதிரே ஒரு இந்து வந்தால் தீண்டப்படாதவன் பொதுத் தெருவில் நடக்கக் கூடாது, அவன் நிழல் பட்டுத் தீட்டாகிவிடும் என்றிருந்ததாக அம்பேத்கர் 1936-ல் எழுதினார். அது 'குடி அரசு' மூலம் தமிழிலும் வந்தது.

இன்னொரு வேடிக்கை. குடைக்குச் சொல்லும் 'அம்ப்ரெல்லா'வும் அதே நிழலுக்குப் பிறந்த பிள்ளைதான். திருவாங்கூரில் நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை பூணக் கூடாது. அவர்கள் பெண்கள் மார்பை மூடினால் கலகம். 1859-ல் மகாராஜா அதற்கு அனுமதி கொடுத்தபோதும், மேல்ஜாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாதென்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார். வெயிலுக்குக் குடை விரித்தவன் யாரை அடித்தான்?

அவ்வளவு தூரம் போவானேன்! நம் பக்கத்துக் கமுதியில் 1897-ல் நாடார்கள் சிலர் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டார்கள். (அந்தக் கல்லைக் கும்பிட்டு என்ன கண்டார்கள் என்பது வேறு விஷயம்.) கோயிலிலிருந்து ஒரு செங்கல்லையாவது பெயர்த்தார்களா? ஆனாலும் தீட்டு என்று இராமநாதபுரம் ராஜா வழக்குத் தொடர்ந்தார். வழக்கு லண்டன் பிரிவி கௌன்ஸில் வரை கப்பலேறி, 1908-ல் நாடார்களுக்கு விரோதமாகவே முடிந்தது.

இப்படி நிழலுக்கும் குடைக்கும் சீறினவர்கள், சுயமரியாதைக்காரர்களுக்குத்தான் ரோஷம் அதிகமென்கிறார்கள். 1925-ல் காஞ்சீபுரம் மகாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானம் தடுக்கப்பட்டு, பெரியார் வெளியேறினதைக்கூட சொந்த மனத்தாங்கல் என்று சொல்லிப் பார்ப்பவர்கள் உண்டு. மாகாணக் காங்கிரசில் காரியதரிசியாகவும் தலைவராகவும் இருந்தவருக்குத் தாம்பூலம் கிடைக்கவில்லையென்றா தாங்கல்? அவர் கேட்டது தமக்கல்லவே!

அகங்காரத்துக்குக் கீழே ஒருவன் குனிந்து நிற்க வேண்டும். அவன் நிமிர்ந்தால் அதற்குக் காயம் பட்டுவிடும். மானத்துக்கு எவனும் குனிய வேண்டியதில்லை. ஜமீன் ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா? தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கச் சொன்னவனுக்கு, துண்டு தோளிலேயே கிடந்தால் என்ன நஷ்டம்?

தீண்டாமை 1950-ல் அரசியல் சட்டப்படி ஒழிந்தது. 2025-ல், நம் அண்டை ஜில்லாவான சிவகங்கையில், புல்லட் மோட்டார் சைக்கிள் ஓட்டினதற்காகத் தாழ்த்தப்பட்ட மாணவன் ஒருவனைக் கையில் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் செய்தார்கள். குடை போய் மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் காலனித் தோழர்கள் வீட்டில் நமக்குச் சாப்பாடு. எல்லோரும் வரலாம். யார் யார் முகம் சுளிக்கிறார்கள் என்று அங்கேயே பார்த்துக் கொள்ளலாம்.